"சரி, அதை எடுத்துவிடலாம்": 58 மெயில் இழையில் ஓர் அத்தியாயம் தொலைந்தது எப்படி

இது ஒரே ஒரு மெயில் இழையை, அதாவது ஒரே பேச்சில் ஒன்றுக்கொன்று பதிலாக வந்த மெயில்களின் தொடரைப் பற்றிய ஆய்வு. 58 மெயில்கள், ஆறு பேர், ஏறக்குறைய மூன்று வாரம். அதில் ஒரு மெயிலை, மூன்றே சொல் கொண்ட ஒரு மெயிலை, நான் தவறாக எடுத்துக்கொண்டதால் ஒரு முழு அத்தியாயம் கையேட்டிலிருந்து காணாமல் போனது. நான் பார்வையற்றவன். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் நிரலைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன், மெயில் படிப்பது எனக்குப் புதிய வேலை இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பழக்கமில்லாதவர் செய்த பிழை என்றால் இன்னும் கொஞ்சம் பழகுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நன்றாகப் பழகியவருக்கே நடந்தது என்றால் அந்தப் பழக்கத்துக்குள்ளேயே எங்கோ ஓட்டை இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

நடந்தது இதுதான்

ஆறு பேர் சேர்ந்து ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்துக்கொண்டிருந்தோம். எழுதுபவர்கள் மூவர், தொகுப்பாசிரியர் ஒருவர், பக்கம் வடிவமைப்பவர் ஒருவர், எல்லாரிடமிருந்தும் வருவதைச் சேர்த்து இறுதிக் கோப்பாக்கி அனுப்புகிற வேலை என்னுடையது. பேச்சு முழுக்க 'கையேடு இறுதி வரைவு' என்ற ஒரே பொருள் வரியின் கீழ் நடந்தது. நான் அதை ஜிமெயிலில், உலாவி வழியாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரத்திலேயே பேச்சு கிளை விட்டுவிட்டது. 19ஆவது மெயிலில் வடிவமைப்பாளர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: கடைசியில் இருக்கிற சொற்பட்டியல் எட்டுப் பக்கம் பிடிக்கிறது, அதைத் தனிக் கோப்பாகக் கொடுத்துவிட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாமா? யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சு வேறு திசையில் போய்விட்டது. 30ஆவது மெயிலில் நான் ஒரு கேள்வி கேட்டேன்: ஐந்தாம் அத்தியாயத்தில் பாதி ஏற்கெனவே மூன்றாம் அத்தியாயத்தில் வந்துவிட்டது, ஐந்தை வைக்க வேண்டுமா?

மூன்று நாள் வெளியில் இருந்த தொகுப்பாசிரியர் அன்று மாலைதான் மெயில்களைத் திறந்திருக்கிறார். பழையதிலிருந்து ஒவ்வொன்றாகப் பதில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். முதலில் வந்தது 31ஆவது மெயில்:

"சரி, அதை எடுத்துவிடலாம்."

என் கேள்வி முடிந்து இருபது நிமிடத்துக்குள் வந்த பதில். எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்தேன், பக்க எண்களையும் பொருளடக்கத்தையும் சரிசெய்தேன், கோப்பை அனுப்பினேன். வடிவமைப்பாளரும் வேலையைத் தொடங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்த அத்தியாயத்தை எழுதியவர் எனக்கு மட்டும் தனியாக ஒரு மெயில் அனுப்பினார். "ஐந்தாம் அத்தியாயம் வேண்டாம் என்று முடிவானால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

தொகுப்பாசிரியரிடம் பேசினேன். "நான் எடுக்கச் சொன்னது சொற்பட்டியலை. அத்தியாயத்துக்குத் தனியாக எழுதியிருந்தேனே, பார்க்கலையா?" என்றார். தேடினேன். இருந்தது. அதே மாலை, ஒரு மணி நேரம் கழித்து, 'அத்தியாயம் 5 சுருக்கம்' என்று பொருள் வரியை மாற்றி அனுப்பியிருக்கிறார். அத்தியாயத்தை வைத்துக்கொள்வோம், சுருக்கித் தரச் சொல்கிறேன் என்று அதில் தெளிவாகவே இருந்தது. எனக்கு அது தனி உரையாடலாக வந்து நின்றது. ஏதோ அத்தியாயச் சுருக்கம் எழுதும் வேலை போலிருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன்.

மற்றவர்களுக்கு மட்டும் எப்படிப் புரிந்தது?

என்னை உறுத்தியது இதுதான். இழையில் இருந்த மற்ற நால்வரும் 31ஆவது மெயிலைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் கேட்டேன். மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "கீழேயே சொற்பட்டியல் மெயில் இருந்ததே." அவர்கள் அதை உட்கார்ந்து படிக்கக்கூட இல்லை. தொகுப்பாசிரியரின் ஒரு வரிக்குக் கீழே, மேற்கோளாக ஒட்டிக்கொண்டு வந்த வடிவமைப்பாளரின் பழைய மெயில் மீது அவர்கள் கண் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சிலர் பயன்படுத்திய நிரலில் அது திறந்தே இருந்திருக்கிறது, ஒருவர் மட்டும் மூன்று புள்ளிப் பொத்தானைச் சொடுக்கிப் பார்த்திருக்கிறார்.

கண்ணால் பார்ப்பவருக்கு இழையின் உருவம் கேட்காமலே கிடைக்கிறது. எத்தனை மெயில், எது உள்ளே தள்ளி நிற்கிறது, எது யாருக்குப் பதில், எது பழைய மேற்கோள், எங்கே புதிய எழுத்து தொடங்குகிறது என்பதெல்லாம் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. காதால் படிப்பவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வரிதான். உருவம் தானாக வராது. நாமே கேட்டு வாங்க வேண்டும். நான் இத்தனை ஆண்டுகளாக மெயில்களின் உரையைக் கேட்டு வாங்கப் பழகியிருந்தேன், உருவத்தைக் கேட்டு வாங்கப் பழகவில்லை. ஒரு மெயிலுக்கு அடுத்து வருவது அதற்கான பதில் என்று என் காது தானாக முடிவு செய்துகொண்டது. இந்த ஆய்வில் நான் கண்டுபிடித்த ஓட்டை இதுதான். மீதி எல்லாம் இதன் விவரங்கள்.

உறவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது

31ஆவது மெயில் எதற்குப் பதில் என்பது ஊகிக்க வேண்டிய விஷயமே இல்லை. அந்த மெயிலுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு மெயிலுக்கும் 'மெசேஜ்-ஐடி' என்று ஒரு தனி அடையாளம் உண்டு. பதில் பொத்தானை அழுத்தி எழுதும்போது, எந்த மெயிலுக்குப் பதில் எழுதுகிறோமோ அதன் அடையாளம் 'இன்-ரிப்ளை-டு' என்ற தலைப்பு வரியில் போய் உட்காரும். அதற்கு முந்தைய சங்கிலி முழுவதும் 'ரெஃபரன்சஸ்' என்ற வரியில் இருக்கும். 1982ல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற இணைய மெயில் தரநிலையிலேயே இந்த மூன்றும் உண்டு. இப்போதைய ஆர்எஃப்சி 5322, 2008ல் வந்தது. இந்த வரிகளை வைத்து, எது எதற்குப் பதில் என்பதைக் கிளைகளாகக் காட்டும் மரத்தைக் கட்டும் முறையை நெட்ஸ்கேப் என்ற பழைய மெயில் நிரலுக்காக நிரலாளர் ஜேமி ஜவின்ஸ்கி எழுதினார். 2008ல் வந்த ஆர்எஃப்சி 5256ல், சேவையகமே இழைகளைக் கட்டித் தரும் முறையும் அவருடையதை ஒட்டியதுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தகவல் இல்லாமல் போகவில்லை. நான் பயன்படுத்திய தோற்றம் அதைக் காட்டவில்லை. ஜிமெயிலின் உரையாடல் தோற்றம் மரம் இல்லை, நேர்கோடு. மெயில்கள் வந்த நேரப்படி அடுக்கியிருக்கும், புதியது கடைசியில். 19க்கான பதில் 31ஆவது இடத்தில்தான் வரும். எதற்குப் பதில் என்பதற்கு அங்கே இருக்கிற முக்கியமான தடயம் மடித்து வைத்த மேற்கோள்தான், அது ஒரு பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறது. பொருள் வரி மாறினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாக வெட்டிவிடும். 100 மெயிலைத் தாண்டினாலும் அப்படியே. என் இரண்டாவது இழப்பு, அதாவது 'அத்தியாயம் 5 சுருக்கம்', அந்த விதியால் வந்தது.

என் பக்கத்துத் தவறும் ஒன்று இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். வேகமாகக் கேட்பதற்காக என்விடிஏவில் நிறுத்தற்குறி அளவை முழுக்க அணைத்து வைத்திருந்தேன். வெற்று உரையாக வரும் மெயில்களில், மேற்கோள் வரி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு கோணக்குறி இருக்கும். வரிக்கு வரி அதைக் கேட்பது தலைவலி என்பது உண்மைதான், ஆனால் அணைத்துவிட்டால் யார் எழுதியது எங்கே முடிகிறது என்பதும் சேர்ந்து அணைந்துபோகும். இழையைத் திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது: 27ஆவது மெயிலில் ஒருவர் மேற்கோள் காட்டியிருந்த வேறொருவரின் கருத்தை அவருடைய கருத்தாகவே நான் நினைத்திருந்தேன். அதனால் பாதிப்பு வரவில்லை. வந்திருக்கலாம்.

44ஆவது மெயிலையும் குறிப்பிட வேண்டும். எழுதுபவர்களில் ஒருவர் என்னுடைய ஆறு கேள்விகளுக்கும் கேள்விகளுக்கு இடையிலேயே பதில் எழுதி, "என் பதில்கள் நீல நிறத்தில்" என்று மேலே குறிப்பிட்டிருந்தார். திரைவாசிப்பான் கேட்காமல் நிறத்தைச் சொல்லாது. என்விடிஏவில் ஆவண வடிவமைப்பு அமைப்புகளுக்குப் போய் நிறங்களை அறிவிக்கச் சொல்லி வைத்தால் சொல்லும், அல்லது ஒரு சொல்லின் மேல் நின்று என்விடிஏ விசையோடு (பொதுவாக இன்சர்ட்) 'எஃப்' அழுத்தினால் அந்த இடத்தின் வடிவமைப்பைச் சொல்லும். ஆனால் எங்கே நின்று கேட்பது என்பதற்கே முதலில் அந்த வரி பதில் என்று தெரிந்திருக்க வேண்டுமே. நிறத்தை மட்டும் நம்பி எழுதுகிறவர்கள் தயவுசெய்து ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் 'பதில்:' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். அது போதும்.

அதே இழை, வேறு வேறு நிரல்களில்

நடந்ததைச் சரிசெய்த பிறகு, அதே இழையை என்னிடமிருந்த எல்லா வழிகளிலும் திறந்து பார்த்தேன். ஒரே கேள்வியோடு: 31ஆவது மெயிலில் நின்றுகொண்டு 'இது எதற்குப் பதில்?' என்று கேட்க எத்தனை விசை அழுத்த வேண்டும்?

ஜிமெயிலிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே இரண்டு விதமாக நகரலாம். விசைக் குறுக்குவழிகளை அமைப்புகளில் இயக்கிவிட்டு (முதலில் அவை அணைந்திருக்கும்), என்விடிஏவைக் குவிய நிலைக்கு (அழுத்தும் விசைகள் நேரே பக்கத்துக்கே போகும் நிலைக்கு) மாற்றினால், 'என்' எழுத்து அடுத்த மெயிலுக்கும் 'பி' எழுத்து முந்தைய மெயிலுக்கும் கொண்டுபோகும், என்டர் திறக்கும், அரைப்புள்ளி எல்லா மெயிலையும் விரிக்கும், முக்காற்புள்ளி எல்லாவற்றையும் மடிக்கும், 'யு' பட்டியலுக்குத் திரும்பும். உலாவல் நிலையில் இருந்தால் இதே எழுத்துகளை என்விடிஏ தனக்கென்று எடுத்துக்கொள்ளும், 'என்' என்றால் இணைப்புகள் அல்லாத உரைக்குத் தாவும். புதிதாக வருபவர்கள் குழம்புகிற இடம் இது. என்விடிஏ விசையோடு ஸ்பேஸ் அழுத்தி எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். உலாவல் நிலையில் எனக்கு அதிகம் உதவியது தலைப்பு விசையான 'எச்'. உரையாடலுக்குள் அனுப்பியவர் பெயர்கள் தலைப்புகளாக வந்தன, பெயர் பெயராகத் தாவிப் போக முடிந்தது. என்விடிஏ + எஃப்7 அழுத்தித் தலைப்புகளின் பட்டியலைத் திறந்தால் யார் யார் எந்த வரிசையில் எழுதியிருக்கிறார்கள் என்பது ஒரே மூச்சில் கிடைக்கும். இழையின் உருவத்தை நேர்கோட்டுத் தோற்றத்தில் வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் என் கேள்விக்கான பதில்? உரை முடிந்ததும் கீழ் அம்பை இன்னும் ஒருமுறை அழுத்தினால், மடித்த பகுதியைக் காட்டும் பொத்தான். அதைத் திறந்து, மேற்கோளின் முதல் வரியில் யார், எப்போது எழுதியது என்று கேட்க வேண்டும். நான்கைந்து விசை. முடியாத வேலை இல்லை. ஆனால் செய்யத் தோன்ற வேண்டும். 31ஆவது மெயிலில் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து தண்டர்பேர்ட், கணினியில் நிறுவிக்கொள்ளும் மெயில் நிரல். இந்த ஆய்வின் திருப்பம் இங்கேதான். பட்டியலை இழைத் தோற்றத்தில் வைத்தால் அது உண்மையான மரம். வலது அம்பு விரிக்கும், இடது அம்பு மடிக்கும், நட்சத்திரக் குறி எல்லா இழைகளையும் விரிக்கும், பின்சாய்வுக்கோடு எல்லாவற்றையும் மடிக்கும். மேலும் கீழும் போகும்போது என்விடிஏ நிலை எண்ணைச் சொல்லும்: நிலை 3, நிலை 4, மறுபடி நிலை 2. அந்தத் திடீர் 'நிலை 2'தான் காதுக்குக் கிடைக்கிற மாற்று ஏற்பாடு. கண்ணால் பார்ப்பவருக்கு அங்கே வரி இடது பக்கம் நகர்ந்து தெரியும்.

31ஆவது மெயிலைக் கண்டுபிடித்து அதன் மேல் நின்று இடது அம்பை அழுத்தினேன். அதற்குக் கீழே பதில்கள் இருந்ததால் முதலில் அது மடங்கியது. இன்னொரு முறை அழுத்தினேன். தாய் மெயிலுக்கு, அதாவது அது எதற்குப் பதிலோ அந்த மெயிலுக்குப் போனது. வடிவமைப்பாளரின் பெயரைப் படித்தது. இரண்டே அழுத்தல். நான் எடுத்த அத்தியாயம், செலவான இரண்டு நாள், அந்தத் தனி மெயில் எல்லாவற்றுக்கும் பதில் அந்த இடது அம்பில் இருந்தது. கொஞ்ச நேரம் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பொருள் வரி மாற்றிய மெயிலும் அதே மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தொகுப்பாசிரியர் பதில் பொத்தானை அழுத்திவிட்டுப் பொருள் வரியை மட்டும்தான் மாற்றியிருக்கிறார், உள்ளே இருக்கிற இணைப்பு அப்படியே இருந்தது. ஜிமெயில் வெட்டியதைத் தண்டர்பேர்ட் ஒட்டியே வைத்திருந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு: யாரோ பழைய மெயிலைத் திறந்து, பதில் அழுத்தி, பொருள் வரியை மாற்றிச் சம்பந்தமே இல்லாத புதிய விஷயம் எழுதினால் அதுவும் பழைய மரத்துக்குள்ளேயே புதைந்துபோகும். புது விஷயத்துக்குப் புது மெயில் என்பது எல்லாருக்கும் நல்லது.

ஆனால் மரம் முதலில் ஓட்டையாகத்தான் தெரிந்தது. 58 மெயில் இருக்க வேண்டிய இடத்தில் உள்பெட்டியில் இருந்தவை குறைவு. எண்ணிப் பார்த்தால் குறைந்த 11ம் நான் அனுப்பியவை. அவை அனுப்பியவை கோப்புறையில் இருந்தன. தாய் மெயில் இல்லாதபோது நிரல் சங்கிலியில் அதற்கு முந்தையதைத் தேடிப் பிடித்து அதன் கீழ் மாட்டிவிடும். அப்படியானால் என் மெயிலுக்கு வந்த பதில் வேறு யாருடைய மெயிலின் கீழோ தொங்கும், இடது அம்பு தவறான பெயரைச் சொல்லும். இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் ஒரு தவறான நம்பிக்கையை விட்டு இன்னொன்றில் விழுந்திருப்பேன். இதற்கு இரண்டு வழி உண்டு. ஜிமெயில் கணக்கை ஐமேப் (மெயிலைச் சேவையகத்திலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாகத் திறந்திருந்தால் 'எல்லா அஞ்சல்' கோப்புறைக்குப் போனால் அனுப்பியதும் வந்ததும் சேர்ந்தே இருக்கும். பொதுவாக எந்தக் கணக்குக்கும் பொருந்துவது, கணக்கு அமைப்புகளில் நகல்கள், கோப்புறைகள் பகுதிக்குப் போய், பதில்களைப் பதிலளிக்கும் மெயில் இருக்கிற கோப்புறையிலேயே வை என்ற தேர்வை இயக்குவது. நான் இரண்டையும் செய்தேன். 'எல்லா அஞ்ச'லில் மரம் முழுதாக நின்றபோது 61 மெயில் இருந்தன: 58, அதோடு ஜிமெயில் வெட்டிய கிளையின் 3.

இன்னொரு சின்ன மாற்றம், பலன் பெரியது. இழைக்குள் எல்லாப் பொருள் வரியும் ஒன்றுதான். ஒவ்வொரு வரியிலும் 'ரீ: கையேடு இறுதி வரைவு' என்று முழுக்கக் கேட்ட பிறகே பெயர் வந்தது. நெடுவரிசைகளின் ஒழுங்கை மாற்றி அனுப்பியவர், தேதி, அப்புறம் பொருள் என்று வைத்தேன். முதல் சொல்லைக் கேட்டதும் அடுத்ததற்குப் போக முடிகிறது. 2023ல் வந்த 115ஆவது பதிப்பிலிருந்து தண்டர்பேர்டில் அட்டைத் தோற்றமும் உண்டு. இந்த வேலைக்கு நான் அட்டவணைத் தோற்றத்தையே வைத்துக்கொள்கிறேன்.

அவுட்லுக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் இழைக்கு அது ஒத்துவரவில்லை. அதில் உரையாடலாகக் காட்டு என்ற தேர்வு உண்டு, மற்றக் கோப்புறைகளின் மெயில்களையும் சேர்த்துக் காட்டச் சொல்லலாம், பழைய பாணியில் உள்தள்ளிக் காட்டவும் சொல்லலாம். விரிக்க வலது அம்பு, மடிக்க இடது அம்பு. ஆனால் அவுட்லுக் தனக்கென்று 'த்ரெட்-இண்டெக்ஸ்' என்ற தலைப்பு வரியை வைத்திருக்கிறது: முதல் மெயிலுக்கு 22 பைட், பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் 5 பைட் சேர்ந்துகொண்டே போகும். எல்லாரும் அவுட்லுக்கில் எழுதினால் அருமையாக வேலை செய்யும். மற்ற நிரல்கள் பெரும்பாலும் அதைத் தொடர்ந்து எழுதுவதில்லை, ஆறு பேரும் ஆறு விதமாக எழுதிய எங்கள் இழையில் உள்தள்ளலை நம்ப முடியவில்லை. ஒன்று மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்: அவுட்லுக்கிலிருந்து வரும் பதில்களில் மேற்கோளுக்கு மேலே அனுப்பியவர், தேதி, பெறுபவர், பொருள் என்று ஒரு தலைப்புத் தொகுதி இருக்கும். என்விடிஏ + கன்ட்ரோல் + எஃப் போட்டு அந்த 'ஃப்ரம்' என்ற சொல்லைத் தேடினால் புதிய எழுத்து எங்கே முடிகிறது என்று உடனே தெரியும், என்விடிஏ + எஃப்3 அடுத்த அடுக்குக்குக் கொண்டுபோகும். மேற்கோள் முறையாகக் குறியிடப்பட்டு வரும் எச்டிஎம்எல் மெயில்களில் அந்தத் தேடல்கூட வேண்டாம், உலாவல் நிலையில் 'க்யூ' எழுத்து நேரே மேற்கோள் தொகுதிக்குத் தாவும்.

முனையத்தில் (எழுத்துக் கட்டளைத் திரையில்) வேலை செய்பவர்களுக்கு மட் என்ற மெயில் நிரல் பற்றி ஒரு வரி: அதில் பெரிய 'பி' எழுத்து தாய் மெயிலுக்குக் கொண்டுபோகும். ஒரே அழுத்தல். நான் பார்த்ததில் இதைவிட நேரான பதில் இல்லை, ஆனால் மரத்தின் கோடுகளை வரைய அது போடும் குறிகள் காதுக்குச் சுமை.

ஐபோனில் அதன் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரோடு மெயில் செயலியையும் பார்த்தேன். இழையாக ஒழுங்குபடுத்து, படித்தவற்றை மடி, புதியது மேலே, முழு இழை என்று அமைப்புகள் உண்டு. 'முழு இழை'யை இயக்கி வைப்பது நல்லது. 'புதியது மேலே' என்பதைக் கணினியில் இருக்கிற வரிசையோடு ஒத்துப்போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் கடைசியில் இருக்கும் புதிய மெயில் கைபேசியில் முதலில் வந்தால், எது எதற்கு முன் வந்தது என்பதில் காது ஏமாறும். அங்கேயும் தாய் மெயிலுக்கு நேரே போகும் வழி எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது செய்வது

மரம்தான் விடை, எல்லாரும் தண்டர்பேர்டுக்கு மாறுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். இரண்டு வாரம் மரத்திலேயே எல்லாவற்றையும் படித்துப் பார்த்த பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை. பெரும்பாலானோர் கடைசியாக வந்த மெயிலுக்கே பதில் போடுவார்கள். அதனால் பல இழைகளில் மரம் கிளையே விடாமல் ஒரு ஏணியாக இறங்கிக்கொண்டு போகும்: நிலை 11, நிலை 12, நிலை 13. அந்த எண்களால் ஒரு பயனும் இல்லை. தவிர, இன்று புதிதாக என்ன வந்தது என்ற கேள்விக்கு மரம் மோசமான பதில் தருகிறது, புதியவை நான்கு கிளைகளில் சிதறிக் கிடக்கும்.

அதனால் இரண்டையும் வைத்திருக்கிறேன். புதியதைத் தேதி வரிசையில் படிக்கிறேன். ஒரு பதிலில் அதை, இதை, சரி, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் மாதிரி சுட்டிச் சொல்லும் சொல் வந்து, பொருளின் பெயர் வரவில்லை என்றால், மரத்துக்குப் போய் இடது அம்பு. அதன் பிறகே கோப்பைத் தொடுவது. நீண்ட இழையில் புதிதாக நுழைந்தால் முதலில் உரையைப் படிப்பதே இல்லை. மரத்தை முழுக்க விரித்து, யார், எத்தனை, எந்த இடத்தில் நிலை எண் குறைகிறது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறேன். 60 மெயிலுக்கு இது ஓரிரு நிமிட வேலை. நிறுத்தற்குறி அளவை 'சில' என்று திரும்ப வைத்துவிட்டேன். கோணக்குறிகள் அலுப்பாக இருக்கின்றன, ஆனால் பொறுத்துக்கொள்கிறேன். கைபேசியிலிருந்து முடிவு சம்பந்தமான எந்த மெயிலுக்கும் பதில் போடுவதில்லை, கொடி வைத்துவிட்டுக் கணினிக்கு வந்து பார்க்கிறேன்.

மரம் இல்லாத இடத்தில், அல்லது மரத்தின் மேலேயே சந்தேகம் வந்தால், மெயிலின் மூலத்தைத் திறக்கிறேன். தண்டர்பேர்டில் கன்ட்ரோல் + யு, ஜிமெயிலில் ஒவ்வொரு மெயிலின் மேலதிகப் பட்டியலிலும் 'அசலைக் காட்டு'. 'இன்-ரிப்ளை-டு' வரியைத் தேடி, அந்த அடையாளத்தை நகலெடுத்து மற்ற மெயிலின் 'மெசேஜ்-ஐடி'யோடு ஒப்பிட வேண்டும். தினமும் செய்யத் தகுந்த வேலை இல்லைதான். ஆனால் ஒரு அத்தியாயம் போகுமா இருக்குமா என்ற நிலையில் ஐந்து நிமிடம் பெரிதில்லை.

மெயில் நிரல் உருவாக்குபவர்களிடம் கேட்பதற்கு ஒன்று உண்டு. 2014ல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரையாக வெளியிட்ட வாய்-ஏரியா 1.0 என்ற, வலைப்பக்கங்களைத் திரைவாசிப்பான்களுக்குப் புரியவைக்கும் தரநிலையிலேயே மரம், மர உருப்படி என்ற பாத்திரங்களும், நிலை, எத்தனையில் எத்தனையாவது, விரிந்ததா மடிந்ததா என்பதைச் சொல்லும் பண்புகளும் இருக்கின்றன. திரைவாசிப்பான்கள் அவற்றை வாசிக்கக் காத்திருக்கின்றன. மரமாகக் காட்ட விருப்பமில்லை, நேர்கோடே அழகு என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு மெயிலின் தலைப்பிலும் 'இன்னாரின் இந்த மெயிலுக்குப் பதில்' என்று ஓர் இணைப்பு மட்டும் வையுங்கள். அதற்கு வேண்டிய தகவல் 'இன்-ரிப்ளை-டு' வரியில் ஏற்கெனவே கையில் இருக்கிறது. கண்ணால் பார்ப்பவர்களுக்கும் அது உதவும். எங்கள் இழையில் சரியாகப் புரிந்துகொண்ட நால்வரில் நான்காமவர், "நானும் முதலில் அத்தியாயம் என்றுதான் நினைத்தேன், அப்புறம்தான் கீழே பார்த்தேன்" என்று சொன்னார்.

ஐந்தாம் அத்தியாயம் சுருங்கித் திரும்பி வந்தது. எழுதியவரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன், இடது அம்பு வரைக்கும். பொறுமையாகக் கேட்டார். குழுவிடம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: 'அதை' என்று எழுதும் இடத்தில் பொருளின் பெயரை எழுதுங்கள். பெரும்பாலும் எழுதுகிறார்கள்.

அடுத்த கையேட்டுக்கான இழை இப்போது 34 மெயிலில் நிற்கிறது. 22ஆவது மெயிலில் தொகுப்பாசிரியர் "சரி, முதலாவதே இருக்கட்டும்" என்று மட்டும் எழுதியிருந்தார். இடது அம்பை அழுத்தினேன். என்னுடைய 16ஆவது மெயிலில் போய் நின்றது, இரண்டு அட்டைப்படங்களில் எது என்று நான் கேட்டிருந்த மெயில். இருந்தாலும் ஒரு வரி எழுதிக் கேட்டேன்: "அட்டைப்படத்தைச் சொல்கிறீர்களா?" பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஆமாம், முதலாவது அட்டைப்படம்."